அணைத்த விளக்கு மறுபடி எரிந்த நாள்

நேற்றுக் காலை ஷார்ஜாவில் நல்ல குளிர். மகள் ஆபீஸுக்குப் போகிற வழியில் என்னைக் காய்கறிக் கடையில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. காரைக் கிளப்பியதும் ஸ்டியரிங்குக்கு எதிரே அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் "சே!" என்றாள். நான் "ஆகா, வந்துட்டாரு பாரு!" என்று கைதட்டிவிட்டேன்.

"அம்மா, டயர்ல காத்து கம்மின்னு லைட் எரியுது. அதுக்குப் போய் யாராச்சும் கைதட்டுவாங்களா?"

நான் தட்டுவேன். நடுவழியில் நின்றுபோன வண்டிகளுக்கு ஆள் அனுப்பி உதவும் ஒரு கம்பெனியில், துபாயில், ஃபோன் எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேட்டரி, கிளட்ச், ரேடியேட்டர் என்று எல்லாவற்றுக்கும் ஃபோன் வரும். ஆனால் அந்த மஞ்சள் விளக்குக்காக வருகிற ஃபோன் என்றால் எனக்குத் தனிக் குஷி. மற்றக் கோளாறுகளில் வண்டி நின்ற பிறகுதான் கூப்பிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் எதுவும் நடப்பதற்கு முன்னாலேயே கூப்பிடுகிறார்கள். நாம் ஒழுங்காகப் பேசினால் எதுவும் நடக்காமலே போய்விடும். இதைவிட நல்ல வேலை உண்டா, சொல்லுங்கள்!

இதை எழுத வைத்தவர்கள் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள். இப்போது வருகிற வண்டிகள் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று என்று எண்ணாகவே காட்டிவிடுகின்றன. கைபேசிக்கும் செய்தி அனுப்புகின்றன. எங்கள் கம்பெனியிலும் இனி ஃபோனை மெஷினே எடுக்கும் என்று பேச்சாம். "ராஜி அக்கா, வண்டியப் பாக்காமலே நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்க" என்று குரல் செய்தி மேல் குரல் செய்தி. நீங்களாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள், என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். படித்து முடித்ததும் கத்தாருக்குப் போய், தோஹா நஜ்மாவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்ட்டரில் நின்றேன். வண்டியின் ஒவ்வொரு உறுப்புக்கும் தமிழ், இந்தி, மலையாளம், அரபி என்று நான்கு பெயர்கள் அங்கேதான் வாயில் ஏறின. பிறகு கல்யாணம். ஜெபல் அலியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த கணவரோடு துபாய் வாசம். அந்த நான்கு மொழிகளை நம்பித்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இதை வெளியில் சொன்னால் மகளுக்குக் கோபம் வரும், எனக்கு வெட்கமே கிடையாது.

எங்கள் ஷிஃப்ட்டுக்கு மேலாளர் ஹனான், எகிப்துக்காரி. என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவள். சேர்ந்த அன்றைக்கே மத்தியானம் என்னைக் கீழே பார்க்கிங்குக்குக் கூட்டிப் போனாள். வெயிலில் நின்ற ஒரு காரில் ஏறச் சொன்னாள். எஞ்சின் போடவில்லை, ஏசி இல்லை, கண்ணாடி ஏற்றியிருந்தது. வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஃபோனில் என்னைக் கூப்பிட்டு, என் பெயர், ஊர், அம்மாவின் பெயர் என்று வரிசையாகக் கேட்டாள். அம்மாவின் பெயரைச் சொல்வதற்குள் எனக்கு எரிச்சல் வந்து "கதவத் திறங்க!" என்று கத்திவிட்டேன். கதவைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள்.

"உனக்கு ஃபோன் பண்ற ஒவ்வொருத்தரும் இங்க உக்காந்துதான் பேசுவாங்க" என்றாள் ஆங்கிலத்தில். "அதனால நீ நீளமாப் பேசாதே. ஹலாஸ், பயிற்சி முடிஞ்சது. மேல வா."

அவள் வைத்த வரிசை மூன்று கேள்வி. முதலில், எங்கே இருக்கிறீர்கள்? அடுத்து, வண்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? மூன்றாவதாகத்தான், என்ன ஆச்சு? ஆளாளுக்கு "என்ன ஆச்சு" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அதைக் கேட்டால் அவர் கதையை ஆரம்பித்துவிடுவார். பாதிக் கதையில் ஃபோன் அறுந்தால், அவர் எங்கே நிற்கிறார் என்றே நமக்குத் தெரியாது. உள்ளே இருப்பது தனி ஆளா, கைக்குழந்தையா என்று தெரியாமல் என்ன சொல்வது? இந்த வரிசையை மாற்றினால் ஹனான் மேசையைத் தட்டுவாள். "பயப்படாதீங்க" என்று சொன்னாலும் தட்டுவாள். "பயந்தாதான் அவர் நாம சொல்றதக் கேப்பார். அந்தப் பயத்த எதுக்கு நீ பிடுங்கறே?" என்பாள்.

அவளுக்கு வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. முன்பல்லால் டிக் டிக்கென்று உடைத்துக்கொண்டே எங்கள் எல்லோருடைய ஃபோனையும் ஒட்டுக் கேட்பாள். அந்தச் சத்தம் கேட்கிறவரை எல்லாம் சுகம். சத்தம் நின்றால் அந்தப் பக்கம் ஏதோ பெரிய விஷயம்.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. படம் போட்டவருக்கு அது டயர். பார்க்கிறவர்களுக்கு அப்படியா தெரிகிறது? "குதிரை லாடம்" என்பார் ஒருவர். "பிரியாணி தேக்சாவில கரண்டி குத்தி நிக்குது மேடம்" என்றார் ஹோட்டல் வேன் ஓட்டுகிறவர். கொழும்புப் பெண் ஒருத்தி "இடியாப்ப உரல் மாதிரி ஒண்டு" என்றாள். ஒரு மலையாளி அது உருளி என்று அடித்துச் சொன்னார். சமையல் பாத்திரத்தைச் சொல்லி யார் ஆரம்பித்தாலும் எனக்குச் சிரிப்பு முட்டும். டயர்க் காற்று என்று உடனே புரிந்துவிடும்.

அடுத்து நான் கேட்பது, விளக்கு அசையாமல் எரிகிறதா, முதலில் கண் சிமிட்டிவிட்டு எரிகிறதா என்பது. அசையாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. வண்டியைக் கிளப்பியதும் கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், காற்றை அளக்கிற கருவிக்கே உடம்பு சரியில்லை. அதற்கு வொர்க்‌ஷாப் போக வேண்டும், அவசரமில்லை. ஜனவரி வந்தால் காலையில் ஃபோன் குவியும். மத்தியான வெயிலில் ஓடிச் சூடான டயருக்குக் காற்று அடித்திருப்பார்கள், குளிர்ந்த விடியலில் அது சுருங்கி அளவுக்குக் கீழே போயிருக்கும். ஓட ஓட விளக்கு தானாக அணைந்துவிடும். "சரியாயிடுச்சு" என்று அதோடு விட்டுவிடுவார்கள். சரியாகவில்லை, சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான்! டிரைவர் கதவுப் பக்கத்துத் தூணில் எவ்வளவு காற்று என்று ஒட்டியிருக்கும். ஓட்டுவதற்கு முன்னால், ஆறிக் கிடக்கிற டயரில் அந்த அளவு இருக்க வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பர் துபாயில் ஒரு அம்மாவின் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டயர் தட்டையாகிவிட்டது என்று கூப்பிட்டார். விளக்கு எரிந்ததா என்று கேட்டேன். "எரியவே இல்லங்க, புது வண்டி, கம்ப்ளெய்ன்ட் பண்ணப்போறேன்" என்று ஒரே சூடு. எங்கள் ஆள் போய்ப் பார்த்தால் அந்த விளக்குக்கு மேல் கச்சிதமாக ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு! மீனா பஜாரில் வாங்கியதாம், கண்ணைக் கூசுகிறதே என்று அவர் கணவர் ஒட்டினாராம். ஹனானுக்கு இதை விளக்கிச் சொல்வதற்குள் நான் அழுதுவிட்டேன், சிரித்துத்தான்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. நம் ஆட்களிடம், அதுவும் வளைகுடாவில் வண்டி ஓட்டுகிற நம் ஆட்களிடம், ஒரு வழக்கம் உண்டு. கோடை வந்ததும் டயரில் காற்றைக் குறைத்துவிடுவார்கள். வெயிலில் காற்று விரியும், டயர் வெடித்துவிடும், அதனால் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கிவிட வேண்டுமாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது நேர் எதிர். காற்றுக் குறைந்த டயர் தரையில் அமுங்கி அமுங்கி எழும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சூடாகிறதல்லவா, அப்படி டயரின் பக்கச் சுவர் உள்ளுக்குள் காயும். வேகமும் வெயிலும் சேர்ந்தால் கிழியும். எது வெடிக்கக் கூடாது என்று காற்றை இறக்கினார்களோ, அதுவே அதனால் வெடிக்கும். தொழிலாளர் கேம்ப்புக்குக் கேம்ப், ரூமுக்கு ரூம் ஒருவர் சொல்லி ஒருவர் செய்வது இது. தப்பென்று எடுத்துச் சொன்னால், "இத்தன வருஷமா ஓட்டறோம் மேடம்" என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார்கள்.

அந்த ஃபோன் ஒரு ஜூலை மாதத்து உச்சிவெயிலில் வந்தது. நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் உடைந்த இந்தியில் "மேடம், ஏக் சோட்டா டவுட்" என்றது ஒரு குரல். அந்த 'டவுட்'டிலேயே ஆளைப் பிடித்துவிட்டேன்.

"தமிழாங்க?"

"அப்பாடா! ஆமாக்கா! ஏய், தமிழ் அக்காடா!" பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"ருவைஸ்லேருந்து அபுதாபி ஏர்போர்ட்டுக்கு வந்துக்கிட்டிருக்கோம்க்கா. தாரிஃப் தாண்டியாச்சு."

நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறார்கள்! அந்த நெடுஞ்சாலையில் லாரிகள் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக வரும்.

"வண்டிக்குள்ள யார் யாரு?"

"நாலு பேருக்கா. சேகர் அண்ணன் ஓட்டுறாரு. ஃபோன நான் புடிச்சிருக்கேன், பாண்டி. எனக்குத்தான் கல்யாணம்! நாளைக்கு மறுநாள் முகூர்த்தம். இவனுங்க ரெண்டு பேரும் வழியனுப்ப வாரானுங்க."

"அடடே, சந்தோஷம்! என்ன ஆச்சு, சொல்லுங்க."

"ஒண்ணுமில்லக்கா. இந்த மஞ்ச லைட்டு எரியுது. போன வாரமும் எரிஞ்சுச்சு, கீழ ஒரு பட்டன் இருக்கில்ல, அத அண்ணன் அமுக்கிப் புடிச்சாரு, போயிருச்சு. இன்னைக்கு ஓட்டிக்கிட்டே அமுக்குறோம், போக மாட்டேங்குது. அத எப்படி அணைக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

விதைச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஹனானுக்குத் தமிழ் தெரியாதே.

அந்தப் பட்டன் விளக்கை அணைக்கிற ஸ்விட்ச் இல்லை. சில வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். காற்றைச் சரியாக நிரப்பியபின் அதை அமுக்கிப் பிடித்தால், "இதுதான் சரியான அளவு, இதற்குக் குறைந்தால் சொல்" என்று வண்டிக்குக் கற்றுக்கொடுப்பதாக அர்த்தம். காற்றுக் குறைவாக இருக்கும்போது அமுக்கினால் அந்தக் குறைவையே சரியென்று வண்டி நம்பிவிடும்.

"போன வாரம் எரிஞ்சதுக்கு முன்னாடி டயர்ல காத்து ஏதும் எறக்குனீங்களா?"

சேகரின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "ஆமாக்கா, வெயிலுக்கு நாலுலயும் கொஞ்சம் எறக்கிவிட்டேன். வருஷா வருஷம் செய்யிறதுதான்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். காற்றை இறக்கியிருக்கிறார். விளக்கு சொல்லியிருக்கிறது. அதன் வாயை அடைத்து, இறக்கியதே சரியென்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படி ஏமாற்றப்பட்ட விளக்கு இன்றைக்கு மறுபடி எரிகிறது என்றால், அந்தக் குறைந்த அளவுக்கும் கீழே ஏதோ ஒரு டயர் போய்விட்டது. அந்த டயரில் நான்கு பேர், கல்யாணப் பெட்டிகள், ஜூலை வெயில், முழு வேகம்.

விதைச் சத்தம் நின்றது. நான் எழுந்து நின்றதைப் பார்த்தே ஹனான் என் லைனை எடுத்துவிட்டாள்.

"பாண்டி, பாட்ட நிறுத்துங்க" என்றேன். நின்றது. "சேகர் அண்ணே, பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால மட்டும் எடுங்க. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்."

"என்னக்கா ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன். எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"வலது பக்கம் இண்டிகேட்டர் போடுங்க. பின்னால லாரிக்கு எடம் விட்டு, மெதுவா ஓரம் போங்க. மஞ்சக் கோட்டத் தாண்டி, முடிஞ்ச மட்டும் உள்ள."

இண்டிகேட்டரின் சத்தம் ஃபோனில் கேட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்புறம் சரளைக்கல் நெரிகிற சத்தம், பிறகு அமைதி. நான் மூச்சு விட்டேன்.

"எல்லாரும் வலது பக்கக் கதவு வழியா எறங்குங்க. சேகர் அண்ணே, நீங்களும் அந்தப் பக்கம் நகந்து வந்துதான் எறங்கணும். தண்ணிய எடுத்துக்கங்க. இரும்பு வேலிக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. டயர்கிட்ட யாரும் போகாதீங்க."

ஒவ்வொன்றாகத்தான் சொன்னேன். ஒன்று முடிந்தது என்று அவர்கள் சொன்ன பிறகே அடுத்தது. மருந்துக்கும் நிழல் இல்லாத இடம். நான்கு பேரும் வெயிலில் துடித்தார்கள். பாண்டி கையோடு இறக்கியிருந்த பெட்டியைத் திறந்து, ஊருக்குக் கொண்டுபோக வைத்திருந்த கம்பளியை எடுத்துப் பிரித்தான். புலிப் படம் போட்ட, கனத்த, பட்டுப்போன்ற கம்பளி. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிற நம் ஆட்கள் எல்லோரும் வாங்குவார்களே, அதேதான். ஜூலை மாதத்தில், பாலைவனத்தில், நான்கு ஆண்கள் ஒரு கம்பளியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இவ்வளவு நேரம் கேட்டு நடந்த பாண்டி, நின்றதும் சண்டைக்கு வந்துவிட்டான். "அக்கா, இங்கேருந்து பாத்தா வலது பக்கம் ரெண்டு டயரும் ஒரே மாதிரிதான் இருக்கு. வேலியோரமா முன்னால போயும் பாத்துட்டேன், அங்கேருந்தும் எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியுது. ஒண்ணும் பஞ்சரில்ல. நாங்க கெளம்புறோம்."

"ஒண்ணுபோலத்தான் இருக்கும் பாண்டி. நாலுலயும்தான் எறக்கியிருக்காரே."

"அக்கா, உங்களுக்குப் புரியல. கம்பெனியில ரெண்டு தடவ லீவு தரேன்னு தரல, ரெண்டு தடவயும் தேதி தள்ளிப்போயிருச்சு. பொண்ணு வீட்டுல இதுதான் கடைசின்னுட்டாங்க. இந்த ஃப்ளைட்ட விட்டா எனக்குக் கல்யாணமே இல்லக்கா!" குரல் உடைந்தது. "மெதுவாப் போறோம். ஏர்போர்ட் வரைக்கும்தானே!"

அவனை நினைத்தால் பாவமாக இருந்தது, கோபமாகவும் வந்தது. நான் எங்கோ ஏசியில் உட்கார்ந்திருக்கிற ஒரு குரல். சொன்னால் நம்ப அவனுக்கு என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்தாலும் தெரியாது. அப்போதுதான் நஜ்மாக் கடை ஞாபகம் வந்தது. லாரி டிரைவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள்.

"ஸ்டெப்னி எங்க இருக்கு?"

"பின் கதவுலதான் மாட்டியிருக்கு."

"அதுலயும் காத்து எறக்குனாரா?"

சேகர் சொன்னார், "இல்லக்கா, ஓடாத டயர்ல எதுக்கு எறக்கணும்?"

என் உள்ளம் துள்ளியது! அந்த வண்டியில் ஒழுங்கான காற்றோடு இருந்தது அது ஒன்றுதான். "கொஞ்சம் ஆறட்டும். ஆறுன பெறகு சேகர் அண்ணன் மட்டும் வீல் ஸ்பேனர எடுத்துட்டு வரட்டும். பாண்டி, நீங்க அங்கேயே நின்னு ஃபோன நல்லா நீட்டிப் புடிங்க."

காத்திருந்தோம். அதற்குள் ஹனான் தாரிஃப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். பிறகு நான் சொன்னேன், "மொதல்ல ஸ்டெப்னியத் தட்டுங்க."

டண்! மேளத்தைத் தட்டினாற்போல இறுக்கமாக ஒரு சத்தம்.

"இப்ப வலது முன் டயர். பக்கத்துல குனியாம, கைய நீட்டித் தட்டுங்க."

டொப்.

"வலது பின் டயர்."

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை. ஈரத் தலையணையில் அடித்தது போல, சொத்தென்று ஒன்று. ஹனான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தமிழ் தெரியாத அவளுக்கும் அது புரிந்துவிட்டது. பாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான், மிக மெதுவாக.

"அக்கா. இதுலயா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"ஸ்டெப்னிய மாத்திட்டு ஓட்டிரவாக்கா?" என்றார் சேகர்.

"ஒண்ணு நல்லதா மாறும், மிச்சம் மூணு? அதுவும் லாரி போற ரோட்டோரத்துல ஜாக்கி போட வேண்டாம். அங்கேயே நில்லுங்க."

நிற்கச் சொல்லிவிட்டேன், கல்யாணத்துக்கு என்ன செய்வது? ரெக்கவரி வண்டி காரை ஏற்றி வொர்க்‌ஷாப்பில் இறக்கும், அதுதான் எங்கள் வேலை. ஆட்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வேலையில் இல்லை. நான் ஹனானிடம் விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை, இரண்டு தடவை தள்ளிப்போன தேதி, புலிக் கம்பளி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வழக்கமா எந்த வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புவோம்?"

"முசாஃபா. ஏர்போர்ட்டுக்கு முன்னாடியே வந்துரும்."

"ஏர்போர்ட்டுக்கு அந்தாண்ட நம்ம ஆள் ஒருத்தர் வொர்க்‌ஷாப் வெச்சிருக்காரே?"

"ஆமா."

"காரை அங்க அனுப்பு. அப்ப ஏர்போர்ட் வழியிலதானே இருக்கு? யல்லா!" ஒரு விதையை எடுத்து வாயில் போட்டாள்.

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்திலேயே ஒரு பெட்ரோல் பங்கில் டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் கான் பாயைப் பிடித்தோம். பெஷாவர்க்காரர், என்னைப் பெஹன், அதாவது சகோதரி, என்று கூப்பிடுகிறவர், இரட்டை கேபின் ரெக்கவரி வண்டி வைத்திருந்தார். "மாப்பிள்ளையா? அச்சா, பெஹன்!" என்று பாதி டீயை வைத்துவிட்டுப் புறப்பட்டார். காரை மேலே ஏற்றி, நான்கு பேரையும் கேபினில் அடைத்து, வழி நெடுகத் தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டு போனாராம். ஏர்போர்ட் வாசலில், முதுகில் கார் சுமந்த ரெக்கவரி வண்டியிலிருந்து கம்பளியோடு ஒரு மாப்பிள்ளை குதித்து ஓடினான். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அன்று என் ஷிஃப்ட் முடிவதற்குள் ஒரு ஃபோன். "அக்கா, உள்ள வந்துட்டேன். போர்டிங் போட்டாச்சு. அக்கா..." அதோடு ஃபோனை வைத்துவிட்டான். அடுத்த ஃபோன் வொர்க்‌ஷாப்பிலிருந்து கான் பாய். அந்தப் பின் டயரை ரிம்மிலிருந்து கழற்றியபோது உள்ளே இருந்து கறுப்பு ரப்பர்த் துகள் கொட்டியது என்றார். படமும் அனுப்பினார். கையளவுத் துகள். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலைத் தரையில் சிந்திக் கிடக்கும் தேயிலைத் தூள் மாதிரியே இருந்தது. பக்கச் சுவரின் உள்பக்கம் அரைபட்டு நூல் வெளியே வந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச தூரம்தான் பெஹன்" என்றார் அவர், வாக்கியத்தை முடிக்கவில்லை. படத்தை ஹனானிடம் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்தாள். என் கையைப் பிடித்து விரித்து, ஒரு பிடி சூரியகாந்தி விதையை வைத்தாள். நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பாராட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன், எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை.

சேகர் அதன்பிறகு கோடை பிறந்தால் எனக்கு ஒரு ஃபோன் போடுவார். "அக்கா, கதவுல ஒட்டியிருக்கிற அளவுதான். குறைக்கல. கேம்ப்புல எவனையும் குறைக்க விடல" என்று ஒப்பித்துவிட்டு வைப்பார். பாண்டியிடமிருந்து சத்தமே இல்லை. ஊரிலேயே தங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலம். ஒரு காலை, வழக்கம்போல் ஃபோன் குவிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி, "தமிழ் பேசுற சிலோன் அக்கா இருக்காங்களா?" என்றது.

"நான்தாம்மா. எங்க இருக்கீங்க?"

"அபுதாபிங்க. வீட்டு வாசல்லதான். வண்டியக் கெளப்புனேன், ஒரு மஞ்ச லைட்டு எரியுது. அவங்க டூட்டிக்குப் போயிட்டாங்க. அந்த லைட்டு எரிஞ்சா ஒரு அடி நகராதே, பட்டன் எதையும் தொடாதே, இந்த நம்பருக்குப் போட்டு சிலோன் அக்காகிட்ட கேளுன்னு சொல்லியிருக்காங்க. நான் பாண்டியோட சம்சாரங்க."

"எந்தப் பாண்டி? புலிக் கம்பளிப் பாண்டியா?"

அவள் கலகலவென்று சிரித்தாள். "அந்தக் கம்பளி இன்னும் எங்க வீட்டுலதாங்க இருக்கு. ஊருக்குக் கொண்டுபோய், திரும்ப இங்கேயே கொண்டாந்துட்டோம்."

எனக்கு ஆயிரம் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் பழக்கம் விடுமா? வரிசைப்படி இரண்டாவது கேள்வி வாயில் வந்து நின்றது.

"வண்டிக்குள்ள யார் யாரு?"

"நானும் பாப்பாவும்ங்க. ஸ்கூலுக்குக் கெளம்பினோம்."

பின்சீட்டிலிருந்து ஒரு குட்டிக் குரல் பொறுமையில்லாமல் குறுக்கே வந்தது. "மம்மா, டெல் ஹெர் இட்ஸ் யெல்லோ! நாட் ரெட்!"

ஹனானின் விதைச் சத்தம் நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வேலிக்கு அந்தாண்டை நான்கு பேர் நின்றார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்தக் குட்டிக் குரலைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஹனான் மேசையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"ராஜி! மூணாவது கேள்வி!"

எனக்கு அது மறந்தே போய்விட்டது.